எட்டடிப் பலகையும் ஐந்தரை அடி ட்ரக்கும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பள்ளி முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடிக்கொண்டிருந்த நேரம், ஒரு தம்பி என்னிடம் வந்து நின்றார். டாலஸுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது, இப்போதுதான் ஃப்ரிஸ்கோ பக்கம் வீடு வாங்கியிருக்கிறார். "அண்ணா, ட்ரக் வாங்கலாம்னு இருக்கேன். நீங்க நாலு வருஷம் வச்சிருந்தீங்களே, எப்படி இருந்துச்சு? வாங்கலாமா?" என்றார். இங்கே அமெரிக்காவில் நாங்கள் ட்ரக் என்று சொல்வது லாரியை அல்ல, பின்னால் திறந்த தொட்டி உள்ள பிக்அப் வண்டியை. "நல்ல வண்டிதான், யோசிச்சு வாங்குங்க" என்று எதையோ மென்று முழுங்கிச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது. நாலு வருடம் ஓட்டியிருக்கிறேன், 48,000 மைல் ஓட்டியிருக்கிறேன், விற்று ஒரு வருடம் ஆகப்போகிறது. இதற்கு நேராக ஒரு பதில் சொல்லத் தெரியவில்லையென்றால், அந்த வண்டியைப் பற்றி நான் இன்னும் சரியாக யோசிக்கவே இல்லை என்றுதான் அர்த்தம். அதனால் உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ட்ரக் ஓட்டுகிறவர்களை மட்டம் தட்டுகிற கூட்டத்தில் நான் இல்லை. எனக்கு அந்த வண்டி பிடித்திருந்தது. காலையில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு நிதானம் வரும். மழையில் ஐ-35 நெடுஞ்சாலையில் பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று பக்கத்தில் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போகும்போது, அதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் இல்லாமல் அதன் கதவுக்குப் பக்கத்தில் நம் தலை இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது ஓட்டினால்தான் தெரியும். வாங்கும்போது காரணம் இல்லாமலும் வாங்கவில்லை. 2021 பிப்ரவரிதான் காரணம்.

அந்தப் பனிப்புயல் வாரத்தில் இங்கே டெக்ஸாஸில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. டாலஸ் விமான நிலையத்தில் ஃபாரன்ஹீட்டில் பூஜ்ஜியத்துக்கும் கீழே இரண்டு டிகிரி. மூன்று நாள் கரண்ட் இல்லை. குழாய் உறைந்துபோய், பனியைப் பாத்திரத்தில் அள்ளிவந்து டாய்லெட்டுக்கு ஊற்றினோம். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன்னுடைய பழைய ட்ரக்கின் பின்னால் தண்ணீர்க் கேன்களையும் விறகையும் போட்டுக்கொண்டு வந்து, தெருவில் வீடு வீடாக இறக்கினார். என் மகளுக்கு அப்போது நாலு வயது. போர்வையைச் சுற்றிக்கொண்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு என் வீட்டில் ஒரு ஹைப்ரிட் கார், ஒரு மினிவேன். இரண்டும் கராஜை விட்டு நகரவில்லை. ட்ரக்கில் இருக்கும் ஜெனரேட்டரை வைத்து வீட்டுக்கே கரண்ட் கொடுத்தவர்களின் செய்தியும் அதே வாரம் வந்தது. "ஆபத்துக்கு உதவாத வண்டி என்ன வண்டி" என்ற எண்ணம் ஆழமாக விழுந்துவிட்டது. ஏப்ரலில் ஹைப்ரிட் காரைக் கொடுத்துவிட்டு ட்ரக் வாங்கினேன். நாலு கதவு, நாலு சக்கர இழுவை, வி8 எஞ்சின். பின்பக்கத் தொட்டி, அதாவது இங்கே எல்லோரும் பெட் என்று சொல்கிற பகுதி, ஐந்தரை அடி நீளம்.

அந்த ஐந்தரை அடியை அன்றைக்கு நான் கவனிக்கவே இல்லை.

கையுறைப் பெட்டியில் இருந்த நோட்டு

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டியாக இருந்தாலும் டேஷ்போர்டின் கையுறைப் பெட்டியில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பேன். பெட்ரோல் போடும்போதெல்லாம் தேதி, மைல், கேலன் எழுதிவிடுவேன். என் அப்பா அவருடைய ஸ்கூட்டருக்குச் செய்ததைப் பார்த்து வந்த பழக்கம். ட்ரக் வாங்கிய உற்சாகத்தில் கூடவே இன்னொரு பத்தியும் போட்டேன்: "ஏற்றிய சாமான்". முதல் மாதம் அந்தப் பத்தி நிறைந்து வழிந்தது. தோட்டத்துக்கு மரச்சக்கை மூட்டை, பழைய மெத்தை, நண்பர் வீட்டு சோஃபா. மூன்றாம் மாதத்திலிருந்து அங்கங்கே வெறும் கோடு. இரண்டாம் வருடம் பக்கம் பக்கமாகக் கோடு.

விற்பதற்கு முன் ஒருநாள் இரவு உட்கார்ந்து எண்ணினேன். நாலு வருடத்தில் 1,461 நாள். பெட்டில் ஏதாவது ஒன்றைப் போட்டு எடுத்துவந்தது 37 நாள். அதில் 22 நாள் ஏற்றியவை எந்தக் காரின் டிக்கியிலும் அடங்கக்கூடிய சாமான்கள்: இரண்டு மூட்டை மண், ஒரு நாற்காலி, மளிகை. பின்னால் போட இடம் இருந்ததால் போட்டேன், அவ்வளவுதான். இன்னும் நாலு நாள் வீட்டில் இருந்த மினிவேனே போதும். மீதி பதினொரு நாள். டிரெய்லர் இழுத்தது இரண்டு தடவை, இரண்டுமே நண்பர்கள் வீடு மாறியபோது. தார்ச்சாலையை விட்டு இறங்கியது ஒரே தடவை, பொங்கல் விழா நடந்த மைதானத்தின் புல்தரையில் நிறுத்துவதற்காக.

இது என் ஒருவனுடைய கணக்கு. ஆனால் ஸ்ட்ராட்டஜிக் விஷன் என்ற ஆய்வு நிறுவனம் ட்ரக் வைத்திருப்பவர்களிடம் கேட்டுத் தொகுத்த விவரம் ஒன்று 2019-இல் வெளிவந்தது. நான்கில் மூன்று பேர் வருடத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோதான் எதையாவது இழுக்கிறார்கள். பத்தில் ஏழு பேர் வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் மண்பாதையில் இறங்குவதில்லை. மூன்றில் ஒருவருக்கும் கொஞ்சம் அதிகமானவர்கள் பெட்டில் சரக்கு ஏற்றுவதே வருடத்துக்கு ஒருமுறை அல்லது அதுவும் இல்லை. அதைப் படித்தபோது என் நோட்டையே யாரோ அச்சடித்தது போல இருந்தது. கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பேர் பெட்டை அதைவிட அடிக்கடி பயன்படுத்துகிறார்கள் என்பதையும் அதே கணக்கு சொல்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் என்ன ஏற்றுகிறார்கள் என்று அந்த எண் சொல்வதில்லை. என் நோட்டு சொல்லியது.

மார்ச் மாதச் சனிக்கிழமை

எண்ணிப் பார்த்தது பின்னால்தான். மனம் மாறியது அதற்கு ஒரு வருடம் முன்னால், 2024 மார்ச்சில்.

தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஒரு தாழ்வான மேடை செய்ய வேண்டியிருந்தது. முக்கால் அங்குல ப்ளைவுட் பன்னிரண்டு தாள் தேவை. "உங்ககிட்டதான் ட்ரக் இருக்கே" என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வாங்கியதற்கு ஒரு நியாயம் கிடைத்த மாதிரி. சனிக்கிழமை காலை கடைக்குப் போய், தள்ளுவண்டியில் பன்னிரண்டு தாளையும் அடுக்கி, வெளியே தள்ளிக்கொண்டு வந்தேன். ப்ளைவுட் தாள் எட்டடிக்கு நாலடி, எல்லோருக்கும் தெரிந்த அளவுதான். என் பெட் ஐந்தரை அடி. பின்கதவை மூட வழியே இல்லை.

கதவைத் திறந்து படுக்கவைத்து அதன் மேல் பலகையை நீட்டினால் சமாளிக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அதற்கு முன் ஏற்ற வேண்டுமே. அந்தப் பின்கதவு என் இடுப்புக்கு மேலே இருந்தது. ஒவ்வொரு தாளும் கிட்டத்தட்ட அறுபது பவுண்டு. நெஞ்சுயரத்துக்குத் தூக்கி, ஒரு முனையை விளிம்பில் வைத்து, மறுமுனையைத் தோளால் தள்ளி, பிறகு மேலே ஏறி உள்ளே இழுக்க வேண்டும். ஐந்தாவது தாளில் மூச்சு வாங்கியது. பட்டையைப் போட்டுக் கட்ட ஆரம்பித்தால் காற்று மேல்தாளின் நுனியைத் தூக்குகிறது. கட்டுவேன், அசைத்துப் பார்ப்பேன், மறுபடி அவிழ்த்துக் கட்டுவேன். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

பக்கத்து இடத்தில் ஒரு பழைய மினிவேன் வந்து நின்றது. ஐம்பது வயது இருக்கும், ஒரு அம்மா இறங்கினார். கால்சட்டை முழுக்கப் பெயின்ட் திட்டுகள். கடைப் பையன் ஒருவன் அவருடைய பலகைகளைத் தள்ளிக்கொண்டு வந்தான், அதே எட்டுக்கு நாலு, ஐந்து தாள். அவர் வேனின் பின்கதவைத் தூக்கினார். கடைசி வரிசை இருக்கைகள் தரைக்குள் மடங்கிக் கிடந்தன. நடு வரிசையைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். வேனின் தரை முழங்காலுக்குச் சற்று மேலே இருந்தது. தள்ளுவண்டியிலிருந்து ஒவ்வொரு தாளாக, வீட்டில் மேசை இழுப்பறையை மூடுவது போல, உள்ளே தள்ளினார். ஐந்தும் உள்ளே போயின. பின்கதவை இறக்கினார், 'டப்' என்று மூடிக்கொண்டது. மொத்தம் மூன்று நிமிடம் ஆகியிருக்காது.

போகாமல் என் பக்கம் வந்தார். "மழை வருகிறது. உங்களிடம் தார்ப்பாய் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் வேனிலிருந்து ஒரு நீலத் தார்ப்பாயை எடுத்துவந்து விரித்தார். இரண்டு பேருமாகப் பலகை மேல் போட்டு மூலைகளைச் செருகினோம். உயர்நிலைப் பள்ளி நாடகத்துக்கு செட் போடுகிறவராம், இருபது வருடமாகப் பலகை வாங்குகிறாராம். "என் அப்பாவிடம் ஒரு ட்ரக் இருந்தது. எட்டடி பெட். முன்னால் ஒரே ஒரு பெஞ்ச் சீட்டு. அதில் எல்லாமே படுத்துக்கொள்ளும்" என்று சொல்லி, என் வண்டியின் நாலு கதவையும் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி எதுவும் இல்லை. தார்ப்பாயைத் திருப்பித் தர முகவரி கேட்டேன். "வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் இன்னும் இருக்கிறது" என்று சொல்லிப் போய்விட்டார்.

நெடுஞ்சாலையில் போகத் துணிவில்லாமல் உள்சாலை வழியாக ஊர்ந்து வந்தேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் இல்லாவிட்டால் பலகை ஊறியிருக்கும். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது, கராஜில் எங்கள் மினிவேன் நின்றுகொண்டிருந்தது. என் மனைவி தினமும் ஓட்டும் ஹோண்டா ஒடிஸி. நடு இருக்கைகளைக் கழற்றினால் அதிலும் எட்டுக்கு நாலு பலகை தட்டையாகப் படுக்கும், பின்கதவும் மூடும். மூன்று வருடமாக அது என் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

பெட் எங்கே போனது

அந்த அம்மா சொன்ன எட்டடி பெட் மனதை விட்டுப் போகவில்லை. அன்றிரவு தேட ஆரம்பித்து, பல இரவுகள் அதிலேயே போயின. ஃபோர்டு எஃப் வரிசைதான் 1977-லிருந்து இந்த நாட்டில் அதிகம் விற்கும் ட்ரக். எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து கார்களையும் சேர்த்து அதிகம் விற்கும் வண்டியும் அதுதான். அந்த வரிசையில் வரும் எஃப்-150-இன் முதல் தலைமுறையில், பெட்டையும் ஆள் உட்காரும் பகுதியையும் சேர்த்த நீளத்தில் 64 சதவீதம் பெட், 36 சதவீதம்தான் ஆள் உட்காரும் பகுதி. 2021 வாக்கில் அது அப்படியே தலைகீழாகிவிட்டது: 63 சதவீதம் ஆளுக்கு, 37 சதவீதம் சரக்குக்கு. எட்டடி பெட் இன்றும் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் ஷோரூம் வாசலில் பளபளவென்று நிற்பவை அவை கிடையாது. நிற்பவை என்னுடையதைப் போன்றவை, நாலு கதவும் தோல் இருக்கையும் குட்டை பெட்டும்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருக்கும். என் வண்டியில் 1,480. கிலோவில் சொன்னால் 670 சொச்சம். பத்தாயிரம் பவுண்டு இழுக்கும் என்று விளம்பரத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது நம்ப முடியாததாக இருந்தது. அதிலும் நாங்கள் நாலு பேர் ஏறி உட்கார்ந்தால் ஐந்நூறு பவுண்டு போய்விடும். ஊரில் வாழைத்தாரும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு சந்துக்குள் போகும் குட்டி யானை, 2005-இல் டாடா ஏஸ் என்று வந்தபோதே 750 கிலோ தாங்கும் வண்டி. அதன் எஞ்சின் எழுநூறு சிசிதான். என்னுடையது ஐயாயிரம் சிசி.

இப்படி ஆனதற்கு வாங்குகிறவர்களின் ஆசையை மட்டும் காரணம் சொன்னால் அது நியாயமாகாது என்பதும் அந்த இரவுகளில்தான் புரிந்தது. கதை ஒரு கோழியில் தொடங்குகிறது. அறுபதுகளில் ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட்டது. பதிலுக்கு அமெரிக்க அதிபர் ஜான்சனின் அரசு வெளிநாட்டிலிருந்து வரும் உருளைக்கிழங்கு மாவு, பிராந்தி போன்றவற்றோடு இலகுரக ட்ரக்குகளுக்கும் 25 சதவீத வரி போட்டது. 1964-லிருந்து அமல். மற்றவற்றின் மீதான வரி காலப்போக்கில் போய்விட்டது, ட்ரக் வரி மட்டும் அறுபது வருடம் கடந்தும் நின்றது. வெளிநாட்டுச் சின்ன ட்ரக்குகள் மலிவாக உள்ளே வரும் வழி இதனால் அடைபட்டது. அப்புறம் 1973 எண்ணெய் நெருக்கடி வந்தது. 1975 சட்டம் மைலேஜுக்கு வரம்பு கொண்டுவந்தபோது காருக்கு ஒன்று, ட்ரக்குக்கு அதைவிடத் தளர்வான வேறொன்று என்று ஆனது. ட்ரக் என்றால் விவசாயியும் கொத்தனாரும் ஓட்டும் வண்டி என்பதுதான் அன்றைய எண்ணம். பெட்ரோல் குடிக்கும் வண்டிக்கு 1978-இல் போட்ட தனி வரியும் காருக்கு மட்டும்தான். ஒரு கேலனுக்கு 22.5 மைலுக்குக் கீழே போகும் காருக்கு ஆயிரம் டாலரிலிருந்து 7,700 வரை வரி உண்டு. அதே மைலேஜ் கொடுக்கும் ட்ரக்குக்கு ஒரு காசு கிடையாது.

எனக்கு மிகவும் மனம் கசந்தது 2006 விதியைப் படித்தபோதுதான். அதிலிருந்து ட்ரக்கின் மைலேஜ் இலக்கு, நாலு சக்கரங்களுக்கு நடுவே உள்ள பரப்பை வைத்துத் தீர்மானமாகிறது. பரப்பு பெரிதானால் இலக்கு தளரும். சின்ன ட்ரக் செய்கிறவர் கடினமான இலக்கை எட்ட வேண்டும், அதையே இழுத்துப் பெரிதாக்கினால் எளிதான இலக்கு போதும். எந்தக் கம்பெனி எதைச் செய்யும் என்று சொல்லவே வேண்டாம். ஃபோர்டு ரேஞ்சர் என்ற சின்ன ட்ரக்கை 2011-இல் இங்கே நிறுத்தினார்கள். 2019-இல் திரும்பி வந்தபோது அது வளர்ந்துவிட்டிருந்தது. நம்மவர் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் வரிச்சலுகைக் கதையும் இந்த ரகம்தான். முழுச் சுமையோடு 6,000 பவுண்டுக்கு மேல் போகும் வண்டியைத் தொழிலுக்கென்று வாங்கினால் முதல் வருடமே பெருந்தொகையைக் கழித்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர் அதற்காகவே கனமான வண்டியைத் தேடிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். சட்டம் ஒரு பக்கம் தள்ளுகிறது, விளம்பரம் மறுபக்கம் இழுக்கிறது. நடுவில் நாம், "எனக்குத் தேவை" என்று சொல்லிக்கொள்கிறோம்.

மைலேஜ் என்ற மாயக்கணக்கு

பெட்ரோல் செலவைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. என் நோட்டுப்படி ட்ரக் சராசரியாகக் கேலனுக்கு 17 மைல் கொடுத்தது. வருடத்துக்கு 12,000 மைல் என்றால் 706 கேலன். இப்போது வைத்திருக்கும் ஹைப்ரிட் கார் 48 கொடுக்கிறது, அதே தூரத்துக்கு 250 கேலன். வித்தியாசம் 456 கேலன். கேலன் மூன்று டாலர் என்று வைத்தாலும் வருடத்துக்கு 1,368 டாலர். ஒரு கேலன் பெட்ரோல் எரிந்தால் 8.9 கிலோ கரியமில வாயு. அப்படியென்றால் வருடத்துக்குக் கூடுதலாக நாலு டன். நாலு வருடத்தில் பதினாறு டன்னை, பெரும்பாலும் காலியான பெட்டை இழுத்துக்கொண்டு, நான் ஒருவனே காற்றில் விட்டிருக்கிறேன். இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இதிலேயே ஒரு நல்ல செய்தியும் உண்டு. டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008-இல் காட்டியது இது: மைலேஜ் எண் நம்மை ஏமாற்றும். 48 கொடுக்கும் காரை விட்டு 60 கொடுக்கும் காருக்குப் போனால் என் தூரத்துக்கு 50 கேலன்தான் மிச்சம். 17 கொடுக்கும் ட்ரக்கை விட்டு 24 கொடுக்கும் ட்ரக்குக்குப் போனால் 206 கேலன் மிச்சம். பார்வைக்கு ஏழு மைல்தான். அதனால் ட்ரக்கே வேண்டும் என்பவர்களிடம் ட்ரக்கை விடுங்கள் என்று நான் மன்றாடப் போவதில்லை. ஒரு அளவு சின்னதாக எடுங்கள் என்று மட்டும்தான் கேட்பேன். எல்லாம் மின்சாரத்துக்கு மாறினால் சரியாகிவிடும் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மின்சார ஹம்மர் ட்ரக்கின் எடை 9,000 பவுண்டுக்கு மேல். பேட்டரி மட்டுமே கிட்டத்தட்ட ஒரு பழைய சின்னக் காரின் எடை. பெட்ரோல் போய்விடும், பருமன் அப்படியே நிற்கும்.

பருமனைப் பற்றி நான் சோதித்துப் பார்த்த ஒன்று. தமிழ்ப் பள்ளியில் கார் வரிசையை ஒழுங்குபடுத்த ஆரஞ்சுக் கூம்புகள் வைத்திருக்கிறோம், 28 அங்குல உயரம். ஒருநாள் எல்லோரும் போனபின் ஒன்றை என் ட்ரக்கின் மூக்குக்கு நேராக வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். தெரியவில்லை. இறங்கிப் போய் ஓரடி தள்ளி வைத்தேன். தெரியவில்லை. இரண்டடி, மூன்றடி என்று தள்ளிக்கொண்டே போனேன். ஆறடியைத் தாண்டிய பிறகுதான் ஆரஞ்சு நுனி எட்டிப் பார்த்தது. நடக்கப் பழகும் குழந்தையின் உயரம் அது. பின்பக்கக் கேமரா 2018 மே மாதத்திலிருந்து எல்லாப் புது வண்டிக்கும் கட்டாயம், முன்பக்கத்துக்கு அப்படி விதி எதுவும் இல்லை. ஐஐஹெச்எஸ் என்ற சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பாதசாரி மேல் மோதிய விபத்துகள் கிட்டத்தட்ட 18,000-ஐ ஆராய்ந்து 2023-இல் சொன்னது: வண்டியின் மூக்கு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருந்தால், தாழ்ந்து சரிந்த மூக்குள்ள காரைவிட ஆள் இறக்கும் வாய்ப்பு 45 சதவீதம் அதிகம். 2009-இல் இந்த நாட்டில் வண்டி மோதி இறந்த பாதசாரிகள் 4,100 பேர், 2022-இல் 7,500-க்கும் மேல். காரணம் ட்ரக் மட்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கூம்பைப் பார்த்தபின், பள்ளி வாசலில் என் வண்டியை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் கை நடுங்கியது.

அப்படியானால் சின்னக் காருக்கு இறங்கியது பயமாக இல்லையா என்று கேட்பார்கள். பயமாகத்தான் இருக்கிறது. இரவில் பின்னால் வரும் ட்ரக்கின் விளக்கு நேராக என் கண்ணாடியில் அடிக்கிறது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் முன்னால் நிற்பவர் எக்கினால் பின்னால் இருப்பவரும் எக்கித்தான் ஆக வேண்டும். எல்லோருக்கும் கால் வலிக்கும், தேர் யாருக்கும் கூடுதலாகத் தெரியாது. இந்தப் பயத்தை யாராவது "பெருமைக்கு வாங்குகிறார்கள்" என்று ஒதுக்கினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் மனைவியையும் மகளையும் உட்காரவைத்து ஓட்டும்போது எனக்கும் அதே பயம்தான்.

தேவை உள்ளவருக்கு என்ன கிடைக்கிறது

எங்கள் தெருவில் புல் வெட்ட வரும் மெக்சிகோக்காரர் ஒருவர் இருக்கிறார். தொண்ணூறுகளில் வந்த ஒரு சின்ன ட்ரக், பின்னால் டிரெய்லரில் இரண்டு எந்திரம், பெட்டில் மண்வெட்டி, பெட்ரோல் கேன், உர மூட்டை. ஆறு நாளும் அந்த பெட் நிறைந்தே இருக்கும். தேவை என்ற சொல்லுக்கு உண்மையான சொந்தக்காரர் அவர்தான். நான் ட்ரக் விற்கப் போவதாகச் சொன்னதும் சுற்றி வந்து பார்த்தார். பெட்டின் பக்கச்சுவரில் கையை வைத்தார், அது அவருடைய தோளுக்கு வந்தது. தலையை ஆட்டினார். "இதில் நான் ஒரு நாளைக்கு நாற்பது தடவை தூக்கிப் போட வேண்டும். முதுகு போய்விடும். தாழ்வாக ஒன்று இருந்தால் சொல்லுங்கள்" என்றார்.

தாழ்வாக, சின்னதாக, அவர் கைக்கு எட்டும் விலையில் ஒன்று, அவருக்காக நானும் தேடினேன். ஃபோர்டு மேவரிக் என்ற சின்ன ட்ரக் 2021-இல் அறிவிக்கப்பட்டபோது ஹைப்ரிட் எஞ்சினோடு 19,995 டாலர், நகரத்துக்குள் கேலனுக்கு 42 மைல். முதல் வருடம் ஆர்டரை நிறுத்திவைக்கும் அளவுக்கு மக்கள் முண்டியடித்தார்கள். சின்ன ட்ரக்கை யாரும் கேட்பதில்லை என்று இத்தனை காலம் சொன்னதற்கு அதுவே பதில். இப்போது அந்த விலைக்கு அது கிடைப்பதில்லை. ஜப்பானில் கெய் ட்ரக் என்று சொல்கிற 660 சிசி குட்டி ட்ரக்குகளை 2024-இல் டெக்ஸாஸ் பதிவு செய்ய அனுமதித்தது. ஆனால் 25 வருடம் பழசானால்தான் நாட்டுக்குள்ளேயே விடுவார்கள். பக்கச்சுவரை மூன்று புறமும் மடக்கிவிடலாம், தரை தாழ்வு, பெட் ஆறடிக்கு மேல். உழைக்கிறவருக்கு ஏற்ற வண்டி. அது அவருக்குக் கிழட்டு வண்டியாக மட்டும் கிடைக்கிறது. எனக்கோ, அலுவலகத்துக்குப் போய் வருகிற எனக்கு, புத்தம் புதிதாக, தவணையில், மூன்று நிறத்தில் கிடைத்தது. பெரிய ட்ரக் வேண்டுமா என்ற கேள்வியில் என்னை விடாமல் பிடித்து உலுக்குவது இதுதான். என்னைப் போன்றவர்கள் வாங்கி வாங்கி, ட்ரக் என்ற பொருளே எங்கள் அளவுக்கு மாறிவிட்டது. வேலைக்கு வேண்டியவர் கையிலிருந்து அது நழுவிவிட்டது.

விற்று இந்த ஒரு வருடத்தில் மூன்று தடவை வாடகை ட்ரக் எடுத்தேன். இங்கே 19.95 டாலர் என்று பக்கவாட்டில் எழுதி ஊரெல்லாம் நிற்குமே, அதுதான். மைலுக்கும் காப்பீட்டுக்கும் தனி. எல்லாம் சேர்த்து மூன்று தடவைக்கும் 150 டாலர் ஆகவில்லை, அதில் எட்டடி பெட். புயல் நாளைக்கு என்ன செய்வேன் என்பதற்கும் வழி தேடிக்கொண்டேன். கராஜில் ஒரு சின்ன ஜெனரேட்டர், பத்து கேன் தண்ணீர், குழாயைச் சுற்றக் கம்பளித் துணி. யோசித்துப் பார்த்தால் அந்த பிப்ரவரியில் பக்கத்து வீட்டுப் பெரியவர் தெருவுக்கே தண்ணீர் கொண்டுவந்தார். தெருவுக்கு ஒரு ட்ரக் போதுமாக இருந்தது. பனிக்கட்டிச் சாலையில் நாலு சக்கர இழுவை கிளம்புவதற்குத்தான் உதவும், நிறுத்துவதற்கு உதவாது என்பதையும் அவரே பிறகு ஒருநாள் சொன்னார்.

நேற்று அந்தத் தம்பிக்கு நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார். "அண்ணா, எனக்கு உடனே வேண்டியது பின்பக்க வேலிக்குப் பலகைதான். காத்துல பாதி வேலி சாஞ்சு கிடக்கு. அதுக்கு என்ன பண்றது?" என்றார். எத்தனை அடிப் பலகை என்று கேட்டேன். ஆறடி என்றார். "சனிக்கிழமை காலைல எட்டு மணிக்கு வந்துடறேன், கடைக்குச் சேர்ந்தே போகலாம்" என்றேன்.

இன்று மாலை என் மகளும் நானும் மினிவேனின் நடு இருக்கைகளைக் கழற்றிக் கராஜில் வைத்துவிட்டோம். நல்ல கனம், அவள் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். நீலத் தார்ப்பாயை உதறி, நாலாக மடித்து, உள்ளே போட்டிருக்கிறேன். சனிக்கிழமை மழை இருக்கும் என்கிறார்கள்.